பச்சை விளக்கு எரிந்தால் போகக்கூடாது

1

அடுத்த வாரம் மெர்டேகா நாள். இந்த நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் நிறைகிறது. மலாக்கா ஊரெங்கும் விளக்குக் கட்டுகிறார்கள். கடற்கரைத் திடலில் மரத்துக்கு மரம் கலர் பல்பு. ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாசலை மறைத்துச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். புடவை எடுக்கப் போனால் பல்புக்கு நடுவே தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கிறது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்த அலங்காரத்தை எழுதி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த வாரம் முழுக்க என் மனசில் நிற்பது வேறொரு விளக்கு. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். பச்சை நிறம். எங்கள் வேனில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், முன்பலகையில் பதித்திருக்கிறது. அதற்கு ஜோடியாகச் சிவப்பு ஒன்று.

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எனக்கு விளக்கு என்றால் எரிய வேண்டும். எரிந்தால் லட்சுமி. அணைந்தது என்ற வார்த்தையே வீட்டில் யார் வாயிலும் வராது. ‘விளக்கைக் குளிர வை’ என்றுதான் அம்மா சொல்வாள். அப்படி வளர்ந்த என்னைக் கல்யாணம் பண்ணிக் கப்பலேற்றிக் கூட்டிவந்து, கஜா பெராங்கில் குடிவைத்து, சில வருஷம் கழித்து ஒரு பழைய ஆங்கிலேய வேனை வாங்கி வந்து, “இந்த ரெண்டு லைட்டும் எரியாம இருந்தாத்தான் நல்லது” என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது அவர் வேடிக்கை பண்ணுகிறார் என்றே நினைத்தேன். விளக்கு எரிந்தால் கெட்ட சகுனம் என்று சொல்லும் சாமானை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

2

வீட்டுக்காரர் பெயர் தங்கவேலு. எழுதலாம், சொல்லத்தான் எனக்கு வாய் வராது. எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்த் துணி விற்பது அவர் தொழில். சம்பள வாரத்தில் வேன் நிறையப் புடவை, கைலி, பிள்ளைகளுக்குக் கவுன், சட்டை. வியாபாரம் இல்லாத நாளில் அதே வேனில் பலகை பெஞ்சைப் போட்டால் குடும்பமே ஏறிக்கொள்ளும். கோயிலுக்கும் அதுதான், டாக்டரிடமும் அதுதான். லலிதாவுக்கு வயது பன்னிரண்டு, அவள் தம்பி குமரனுக்கு ஏழு. இரண்டு பேரும் அந்த வேனில்தான் பாதி வளர்ந்தார்கள்.

நான் எப்போதும் முன்னால், அவருக்கு இடது பக்கம். அவர் ரோட்டைப் பார்ப்பார். எனக்கு வேலை இல்லை; விளக்கைப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்தே அதன் பாஷை பிடிபட்டுவிட்டது. சாவியைத் திருப்பினால் இரண்டும் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கிறது, அப்புறம் எது கெட்டாலும் நமக்குத் தெரியாது. எஞ்சின் ஓடத் தொடங்கினால் இரண்டும் போய்விட வேண்டும். சிவப்பு மட்டும் நின்றால் டைனமோ கரண்ட் தரவில்லை. ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலும் சிவப்புதான். அப்போது ரேடியேட்டர் தண்ணீரும் சுற்றாது, கொஞ்ச தூரத்தில் ஆவி கிளம்பிவிடும். பச்சை நின்றால் எண்ணெயின் அழுத்தம் போய்விட்டது. சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்தி யோசிக்கலாம். பச்சை எரிந்தால் யோசிக்கக்கூட நேரமில்லை, உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். எண்ணெய் இல்லாமல் ஓடினால் உள்ளே இரும்பும் இரும்பும் உராய்ந்து இறுகிவிடும். அப்புறம் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட வேண்டியதுதான்.

அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை குறைவு. அவருக்குக் காது. “சத்தம் நல்லாருக்கு, லைட்டு பொய் சொல்லுது” என்பார். பல தடவை அவர் காது சரியாகத்தான் சொன்னது, நான் மறுக்கவில்லை. ஒரு தடவை புக்கிட் ரம்பாய் பக்கம் போகும்போது சிவப்பு எரிந்தது. நான் “பெல்ட்” என்றேன். அவர் “பேட்டரி” என்றார். பெல்ட்டா பேட்டரியா என்று நாங்கள் சண்டை போட்டு முடிக்குமுன் ரேடியேட்டர் மூடி ஆவியில் எகிறியது. குமரன் பின்னாலிருந்து கைதட்டினான். அவர் என்னைப் பார்க்காமலே இறங்கிப் போய் அறுந்த பெல்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து சாவியைத் திருப்பும்போதெல்லாம் ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்ப்பது வழக்கமானது.

எங்கள் ஊர் ரைஸ்மில்லில் எஞ்சின் அறை தனியாக உண்டு. பெண்கள் உள்ளே போகக்கூடாது. போனால் எஞ்சின் நின்றுவிடுமாம். நெல் அவிக்க, காயவைக்க, புடைக்கப் பெண்கள் வேண்டும்; எஞ்சினுக்கு மட்டும் நாங்கள் ஆகாது. நான் சின்ன வயசில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய சக்கரம் சுற்றுவதை எட்டிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். ஊரை நினைத்து உருகுகிறவர்கள் உருகட்டும். எனக்கு அந்த ஜன்னல் கம்பியும் ஞாபகம் இருக்கிறது.

3

போன வருஷக் கடைசியில், மழைக்காலத்தில் ஒரு காலை. பேட்டரி இறங்கிக் கிடந்தது. அவர் முன்பக்கம் கிராங்க் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். எஞ்சின் பின்னுக்கு உதைத்தது. ஹேண்டில் திரும்பி வந்து வலது மணிக்கட்டில் அடித்த சத்தம் சமையற்கட்டு வரை கேட்டது. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, பிடிதான் வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இடது கையில் பிடிக்கத் தொடங்கினார். கேட்டால், “இடது கையும் பழகட்டுமே” என்று பதில்.

வேன் நின்றது. வேன் நின்றால் எங்கள் சோறும் நிற்கும். சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போக அவருக்குக் கையும் இல்லை, வயசும் இல்லை. கூலிக்கு டிரைவர் வைத்துப் பார்த்தோம். அவன் அடுத்த மாதமே எங்களுக்கு வாடிக்கையான எஸ்டேட் தொழிலாளர் லயங்களில் சொந்தமாகத் துணி விற்கக் கிளம்பிவிட்டான். நல்ல மாணாக்கன்.

அப்போதுதான் நான் ஓட்டுகிறேன் என்று சொன்னேன். வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு அவரே வந்து, “சரி, கத்துக்க. என் கை சரியாகற வரைக்கும்தான்” என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஊரில் அவர் அண்ணன் வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்: சுதந்திரம் வாங்கிய நாட்டில் உனக்கு என்ன வேலை, வந்து நிலத்தைப் பார் என்று. “முதல் தடவையிலேயே லைசென்ஸ் கிடைக்கலன்னா வேனை வித்துட்டுக் கப்பலேறிடுவோம். அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.”

என்னிடம் கேட்கவில்லை. அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு மீனாட்சியிடம் போய்ப் புலம்பினேன். அவள் மலாக்கா சிட்டி சமூகத்தவள்; பல நூறு வருஷம் முன்னால் கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ச் செட்டிகளின் வம்சம். சேலை இல்லை, கெபாயா என்ற மலாய்ச் சட்டை. தமிழ் இல்லை, மலாய். மாரியம்மனிடம் வேண்டிக்கொள்வதுகூட மலாயில்தான். முன்னோர்க்குப் படையல் போடும் நாளில் மட்டும் பார்க்க வேண்டும், எங்களைவிடச் சுத்தம். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “எங்க ஆளுங்களும் அடுத்த பருவக்காத்துக்குக் கப்பல்ல திரும்பறதாத்தான் இங்க வந்தாங்க. எத்தனை தலைமுறை ஆச்சோ, இன்னும் காத்து சரியா அடிக்கல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரி படுக்கும்போது பயமும் வந்தது, மறைப்பானேன். லலிதா தூக்கத்தில் மலாயில் உளறுகிறாள். மனக்கணக்குப் போட்டால் சத்து, டுவா, தீகா என்றுதான் வாய் முணுமுணுக்கிறது. குமரனுக்குத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் படம் மட்டும் பார்க்கிறான். இன்னும் இரண்டு தலைமுறையில் என் பேத்தியும் கெபாயா போட்டுக்கொண்டு, சோறு என்ற சொல்லை மட்டும் தமிழில் வைத்துக்கொள்வாளோ என்னவோ. ஆனாலும் இந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோய் ஊரில், திருத்துறைப்பூண்டியில் நட்டால் பிடிக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை நட்டாலும் பிடிக்காது.

ஆகவே லைசென்ஸ் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

4

லைசென்ஸ் ஆபீஸில் எங்கள் பெயர்முறை யாருக்கும் புரியாது. கவுண்டரில் இருந்த கிராணி, நம் ஊர் குமாஸ்தா, முதலில் என் பெயர் கேட்டார். டி. சௌந்தரம் என்றேன். டி என்றால் என்ன என்றார். அது புருஷன் பெயர், எப்படிச் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரே உதவிக்கு வந்து, “தங்கவேலு” என்றார். கிராணி தலையாட்டிக்கொண்டு எழுதினார்: சௌந்தரம், தங்கவேலுவின் மகள்.

இந்த நாட்டில் தமிழர் பெயருக்குப் பின்னால் இருப்பது தகப்பன் பெயர்தான். அதில் கிராணிக்குச் சந்தேகமே வரவில்லை. தப்பைச் சொல்லப் போனோம். வேறு மேசையைக் காட்டினார்கள். அந்த மேசைக்காரர் லீவு. மறுபடி போனோம். பரீட்சை பாஸானால் அப்புறம் திருத்தலாம், பாஸாகாவிட்டால் திருத்தி என்ன பிரயோஜனம் என்று ஒரு கிராணி கேட்டார். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. என் புருஷனுக்கு நான் மகளாகவே இருக்கட்டும் என்று வந்துவிட்டோம்.

மலாய்ப் பேச்சு இன்னொரு வம்பு. நான் மலாய் கற்றது மீன் மார்க்கெட்டில். அங்கே எல்லாரும் எல்லாரையும் ‘லு’ என்பார்கள். நம் ‘நீ’யைவிட இரண்டு படி கீழே. லலிதா தலையில் அடித்துக்கொண்டாள். “அம்மா, ஆபீசர்கிட்ட லு போட்டே, உன்னை உள்ள தள்ளிடுவாங்க. என்சேன்னு மரியாதையா சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்.” நான் பெற்ற பெண் என்னைப் பரீட்சை வைத்தாள். அரிசி களையும்போது ‘என்சே, என்சே’ என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. புக்கிட் காதில் பக்கத்துக் காலி ரோட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவார், நான் ஓட்டுவேன். கத்தல் குறையக் குறைய நான் தேறிவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன்.

5

பரீட்சைக்கு முதல்நாள் மாலை எண்ணெய் மாற்றியாக வேண்டும் என்றார் வீட்டுக்காரர். இந்த ஊரில் எஞ்சின் எண்ணெயைக் கறுப்பு எண்ணெய் என்பார்கள், ஊற்றும்போது தேன் நிறமாகத்தான் இருக்கும். பட்டறையில் விடலாம் என்றேன். “என் காடிய நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிச் சாக்கை விரித்து வேனுக்கு அடியில் போய்விட்டார். வெகுநேரம் கழித்து வேர்வையில் நனைந்து வெளியே வந்தார்.

மறுநாள் விடிந்ததும் வேனைக் கழுவினார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்துக் குங்குமத்தோடு பொட்டு வைத்தார். வட்டமாக எதைக் கண்டாலும் பொட்டு வைத்துவிடும் மனுஷன். ஸ்டியரிங் நடுவில், ஹெட்லைட்டில், கண்ணாடியில், முன்பலகையில் இருந்த ஒவ்வொரு வட்டத்திலும். சிவப்பு விளக்கின் மேல் ஒன்று, பச்சை விளக்கின் மேல் ஒன்று.

“என்னங்க, லைட்டை மறைச்சுட்டீங்களே.”

“சாமி காரியம். வந்து கழுவிக்கலாம், ஏறு.”

ஆபீஸ் பக்கம்தான். அவர் அருகில் உட்கார, நான் ஓட்டிக்கொண்டு போனேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி இருந்தது. போய்ச் சேர்ந்தால், பரீட்சைக்கு வந்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு ரொம்ப நேரம் காத்திருந்தோம். பெண் என்று நான் ஒருத்திதான்.

என் முறை வந்தது. பரீட்சை அதிகாரி நடுவயசு மலாய்க்காரர், காக்கி அரைக்கால் சட்டை, மடிப்புக் கலையாத மீசை. காகிதத்தைப் பார்த்தார். வெளியே நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “தங்காச்சி, அப்பாவையும் கூட்டி வந்தாயா? நல்லது” என்று மலாயில் சொல்லிவிட்டு எனக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தமிழ்ப் பெண்ணை இங்கே மலாய்க்காரர்கள் தங்காச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா ஆனவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

“ஸ்டார்ட் பண்ணு” என்றார்.

சாவியில் கை வைத்தேன். எதிரே இரண்டு பொட்டு. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு எஞ்சினை எழுப்ப மனம் வரவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினேன். ஜன்னலுக்கு வெளியே நின்றவர் பதறிவிட்டார்.

“சௌந்தரம், அழிக்காத. உன் கையால குங்குமத்த அழிக்காத.”

எனக்குக் கை நின்றுவிட்டது. புருஷன் எதிரே நிற்க, நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில், சுமங்கலி தன் கையால் குங்குமத்தைத் துடைப்பதா? எங்கள் வீட்டில் தவறி நெற்றியில் கை பட்டாலே அம்மா பதறுவாள். எனக்கும் அந்தப் பயம் ரத்தத்தில் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மாரியாத்தா, நீ வேறு நான் வேறா, உனக்கே தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இரண்டையும் துடைத்தேன். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாவியைத் திருப்பினேன். சிவப்பும் பச்சையும் எரிந்தன. ஸ்டார்ட்டரை இழுத்தேன். எஞ்சின் பிடித்தது. சிவப்பு போனது. பச்சை போகவில்லை.

நிறுத்தினேன்.

“ஏன் நிறுத்தினாய்?”

“லைட் எரியுது, என்சே.”

“பச்சைதானே? பச்சை என்றால் போகலாம்.” தன் தமாஷுக்குத் தானே சிரித்தார். “பழைய வண்டி. கொஞ்சம் ஓடினால் போய்விடும். எனக்கு இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் பார். நீ ஓட்டாவிட்டால் வேறொரு நாள்தான் வர வேண்டும்.”

ஜன்னல் வழியாக என் வீட்டுக்காரர் தலையை நீட்டினார். “ஓட்டுடி. சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு, நான் கேட்டேன்ல? இன்னிக்கு விட்டா எப்பக் கூப்பிடுவாங்களோ. அண்ணனுக்கு என்ன சொல்றது?”

இரண்டு ஆண்கள் இரண்டு பக்கமும் ஓட்டு ஓட்டு என்கிறார்கள். ஓட்டினால் லைசென்ஸ் கிடைக்கலாம், வேன் போய்விடலாம். ஓட்டாவிட்டால் வேன் இருக்கும், அதை விற்றுக் கப்பலேறுவோம். என்னைப் போல ஒரு இக்கட்டில் எதிரி கூட மாட்டக்கூடாது. ஆனால் அந்தப் பச்சை விளக்கு என்னிடம் இதுவரை பொய் சொன்னதில்லை. நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

பானெட்டைத் தூக்கி வைத்தேன். இறங்குமுன் சாவியை மட்டும் மறுபடி திருப்பிவிட்டிருந்தேன், எஞ்சின் ஓடாவிட்டாலும் விளக்கு எரியும். எஞ்சின் பக்கவாட்டில் எண்ணெய் அழுத்தம் பார்க்கும் சின்ன சுவிட்ச் உண்டு, அதிலிருந்துதான் விளக்குக்கு ஒயர் போகிறது. ஒயரைக் கழற்றினால் விளக்கு போக வேண்டும். போகாவிட்டால் ஒயர் எங்கோ இரும்பில் உரசுகிறது, பயமில்லை, ஓட்டலாம். போனால் ஒயர் யோக்கியம், குறை எண்ணெயில். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டால் விளக்கை யார் பார்ப்பது?

“லு தெங்கோக் லம்பு!” என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். நீ விளக்கைப் பாரு என்று அதிகாரியிடமே. லலிதா பழக்கிய என்சே எங்கே போனாரோ தெரியாது. அவர் புருவம் மேலே போனது. ஆனாலும் குனிந்து பார்த்தார். நான் ஒயரை உருவினேன்.

“போய்விட்டது” என்றார்.

ஆக, எண்ணெயில்தான் குறை. எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தேன். நுனியில் ஈரம்கூட இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து அடியில் பார்த்தேன். நாங்கள் காத்திருந்த நேரமெல்லாம் செம்மண் எண்ணெயைக் குடித்திருந்தது. எஞ்சினுக்கு அடியில் எண்ணெயை இறக்குவதற்கு ஒரு நட்டு உண்டு. அதைச் சுற்றித் தேன் நிறத்தில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நட்டைத் தொட்டேன். இரண்டு விரலுக்கே சுற்றியது.

முந்தின நாள் மாலை அதை முறுக்கியவர் அவர். அவர் முறுக்கின நட்டைக் கழற்றப் பட்டறைக்காரனே திணறுவான். அப்படிப்பட்ட கை அது. நான் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அடியிலேயே இருந்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் அவர் செருப்பு தெரிந்தது. “என்ன? என்ன தெரியுது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பத்துப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். வேனுக்கு என்ன வியாதி என்று கண்டுபிடிக்கப் போன எனக்கு வேறு வியாதி கண்ணில் பட்டுவிட்டது. இதை எப்படிச் சொல்வது?

எழுந்து வந்து, “நட்டு மரை தேஞ்சிருக்கு” என்றேன். அவரிடம் தமிழில், அதிகாரியிடம் மலாயில். பொய்தான்.

“எந்தப் பட்டறையில் விட்டீர்கள்? எண்ணெய் மாற்றிய ஆளைச் சும்மா விடக்கூடாது” என்றார் அதிகாரி.

என் வீட்டுக்காரர் மெதுவாக முட்டி போட்டு, இடது கையை உள்ளே விட்டு நட்டைத் தடவிப் பார்த்தார். மரை தேய்ந்ததா இல்லையா என்று அவருக்கு விரல் பட்டாலே தெரியும். எழுந்து எண்ணெய்க் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் அதிகாரியிடம் திரும்பி மலாயில் சொன்னார்.

“மரை நல்லாத்தான் இருக்கு, என்சே. பட்டறை இல்ல. முறுக்குனது நான்.” வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டு சூம்பி, விரல்கள் பாதி மடங்கி நின்றன. “இந்தக் கை பிடிக்கல. இனிமே பிடிக்காது.”

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க எத்தனையோ மாதம் காத்திருந்தேன். சண்டை போட்டிருக்கிறேன், டாக்டரிடம் போகச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். சொன்னபோது எனக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது. பானெட்டுக்குள் எதையோ தேடுகிற மாதிரி முகத்தை உள்ளே வைத்துக்கொண்டேன்.

அதிகாரி மீசையைத் தடவினார். வரிசையைப் பார்த்தார். “அடுத்த ஆட்களை முதலில் பார்க்கிறேன். அதற்குள் நட்டை முறுக்கு, எண்ணெய் ஊற்று. வருகிறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். போகும்போது நின்று, “யார் முறுக்குவது?” என்று கேட்டார்.

“நான்” என்றேன்.

6

அவர் பெட்ரோல் கடைக்கு நடந்து போய் எண்ணெய் டின்னை இடது தோளில் வைத்துக் கொண்டுவந்தார். நான் அடியில் படுத்து ஸ்பேனரால் இறுக்கினேன். புடவை போனது போனதுதான். எண்ணெய் ஊற்றி எஞ்சினை எழுப்பினேன். சிவப்பும் போனது, பச்சையும் போனது.

அதிகாரி திரும்பி வந்து ஏறினார். புக்கிட் சீனா பக்கத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். வண்டி ஒரு அங்குலம் பின்னால் போகவில்லை. சந்துக்குள் பின்னோக்கி விடச் சொன்னார், விட்டேன். கடைசியில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இரண்டு விஷயம் சொன்னார். ஓட்டும்போது வண்டியோடு பேசிக்கொண்டே வருகிறேனாம், அது தேவையில்லை. இன்னொன்று, அரசாங்க அதிகாரியை லு என்று கூப்பிடக்கூடாது. நான் என்சே, என்சே என்று மூன்று தடவை சொன்னேன். அவர் சிரிப்பை மீசைக்குள் மறைத்துக்கொண்டு இறங்கினார்.

என் வீட்டுக்காரர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பாஸ் என்று நான் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தே எழுந்துவிட்டார். நேரே வேனின் முன்பக்கம் போனார். அங்கே, பழகுகிறவர்களுக்கான எல் பலகை சணலால் கட்டியிருந்தது. நான் போட்ட முடிச்சு. இடது கையால் அவிழ்த்துப் பார்த்தார், வரவில்லை. நான் உதவிக்குக் கிட்டே போனேன். முழங்கையால் தள்ளிவிட்டு, குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். பின்பக்கம் போய் அதையும் அப்படியே அவிழ்த்தார்.

இரண்டு பலகையையும் கைலியில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“தூக்கிப் போட்டுடாத. லலிதாவுக்கு வேணும்.”

சொல்லிவிட்டு, இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.